ஐந்தாம் இலக்கக் கொழுக்கி

போன மாதம் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் பிறந்தநாள் விழா. சாப்பாட்டு வரிசையில் நின்றபோது நடராசா அண்ணை என் தோளில் கையைப் போட்டு, பக்கத்தில் நின்ற யாரோ ஒருவருக்கு என்னை அறிமுகப்படுத்தினார்.

“இவரைத் தெரியாதே? அந்த நாளையிலை இஞ்சை வெள்ளைக்காரன்ர புரொபெஷனல் ரீமுக்கு ஆக்களைத் தெரிவு செய்த மனிசன். இவர் ஜேர்சியைக் கொழுவினால்தான் அவங்கள் விளையாடலாம்.”

நான் வழக்கம்போலச் சிரித்துவிட்டு ஒரு ரோல்ஸை எடுத்துத் தட்டில் வைத்தேன். இத்தனை வருடமாக இதே அறிமுகம், இதே சிரிப்பு. ஆனால் அன்றைக்கு எனக்குப் பின்னால் என் தங்கையின் மகள் திவ்யா நின்றாள். அவள் இப்போது ஒரு பெரிய அணியின் உடுப்பறையில் வேலை செய்கிறாள். என் தொழில்தான் அவளுக்கும். அவளிடம் இந்தக் கதை எடுபடாது.

பிக்கரிங்குக்குத் திரும்பும் வழியில் காரில் கேட்டாள்.

“மாமா, நீங்கள் எக்விப்மென்ற் வேலைதானே செய்தனீங்கள்? செலெக்‌ஷன் எல்லாம் கோச்தானே?”

“ஓம்.”

“அப்ப ஏன் அந்த அங்கிள் அப்பிடிச் சொல்லுறார்?”

நான் கதையை மாற்றி, இப்போது விளையாட்டு வீரர்களுக்கு யார் விளையாடுவது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். முதல்நாளே போனுக்குச் செய்தி வந்துவிடுமாம். அணியில் இடமில்லாதவனைக் கோச் தனியாகக் கூப்பிட்டுக் கதைப்பாராம். எங்கள் காலத்தில் சுவரில் உடுப்பு மாட்டுகிற கொழுக்கியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொன்னதும், “தட்ஸ் சோ ஹார்ஷ், மாமா” என்றாள். இறங்கும்போது, “உந்தக் கதையை எழுதுங்கோ மாமா. எங்கட ரூமிலை இருக்கிறவைக்கு நான் வாசிச்சுக் காட்டுறன்” என்றாள்.

எழுதுகிறேன். வாசித்துக் காட்டுவதா இல்லையா என்று அவளே முடிவு செய்யட்டும்.

நான் ஊரில் எங்கள் விளையாட்டுக் கழகத்தின் உதைபந்தாட்ட அணிக்குப் பின்களத்தில் விளையாடியவன். பெரிய விளையாட்டுக்காரன் இல்லை. பந்தை விட்டாலும் ஆளை விடமாட்டேன் என்று பெயர். கனடாவுக்கு அகதியாக வந்து ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் நாலு பேரோடு ஒரு அறையில் இருந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு ஒரு விளையாட்டரங்கில் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போனேன். அங்கே ஒரு சிறிய தொழில்முறை உதைபந்தாட்டக் கழகம் இருந்தது. அதன் உடுப்பறைக்காரர் திடீரென்று வேலையை விட்டுப் போன அன்றைக்கு நான் தும்புத்தடியோடு வாசலில் நின்றேன். “உனக்கு உடுப்புத் தோய்க்கத் தெரியுமா?” என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம்.

ஊரில் எங்கள் வீட்டு உடுப்புகளை வெளுத்துத் தர ஒருவர் வருவார். என் அப்பாவின் வயது. நான் சின்னப் பெடியன், அவரைப் பெயர் சொல்லி ‘நீ’ என்றுதான் கூப்பிடுவேன். அவர் வீட்டுக்குப் பின்பக்கமாக வந்து நிற்பார். அது பிழை என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. கழகத்தில் முதல்நாள் இருபது பேருடைய சேறு பிடித்த காலுறைகளை, எங்கள் பேச்சில் மேஸ்களை, உட்புறம் வெளியே தெரியப் பிரட்டிக்கொண்டு இருந்தபோது அவருடைய முகம் நினைவுக்கு வந்தது. வெட்கம் என்றால் அன்றைக்கு வந்ததுதான் வெட்கம். அதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்கள் ஆட்கள் “ரீமிலை என்ன வேலை?” என்று கேட்டால், “மனேஜ்மென்ற்” என்று சொல்லத் தொடங்கினேன். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். அதில் எனக்கு இன்றைக்கும் குறை இல்லை. இரத்தக் கறைக்குக் குளிர்ந்த தண்ணீர், சுடுதண்ணீர் பட்டால் கறை நின்றுவிடும். புல்லுக் கறைக்குச் சவர்க்காரக் கட்டியால் கையால் தேய்க்க வேண்டும். இலக்கம் உரியாமல் இருக்க ஜேர்சியை உட்புறம் பிரட்டித்தான் மெசினில் போட வேண்டும். போட்டி நாளில் காலையில் எல்லாவற்றையும் உடைமாற்றும் அறைக்குக் கொண்டுபோய்க் கொழுவ வேண்டும். ஒவ்வொருவருக்கும் பருவம் முழுவதும் ஒரே இலக்கம், சுவரில் அவரவருக்கு ஒரு கொழுக்கி. ஜேர்சியின் முதுகுப்பக்கம் அறையைப் பார்த்திருக்கும். கீழே நீள வாங்கில் மடித்த காற்சட்டை, அதன் மேல் மேஸ், அதன் மேல் துவாய்.

எங்கள் கோச் மிஸ்டர் டங்கன், ஸ்கொட்லாந்துக்காரர். எந்தக் குளிரிலும் கோட் போடமாட்டார். போட்டி நாளில் நான் துவாய்கள் தோய்க்கிற நேரமாகப் பார்த்து வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டு ஒரு தோடம்பழத்தை உரிப்பார். தோல் அறாமல் ஒரே நீளமாக வர வேண்டும் அவருக்கு. முழுதாக வந்த பிறகுதான் வாயைத் திறப்பார். என் முகத்தைப் பார்க்கமாட்டார், மெசினின் கண்ணாடிக்குள் சுழலும் துவாய்களைப் பார்த்துக்கொண்டு இலக்கங்களைச் சொல்லுவார்.

“எட்டு. பதினான்கு.”

அந்த இலக்கங்களை நான் கொழுவக்கூடாது என்று அர்த்தம். பெயர் சொல்லமாட்டார், காரணம் சொல்லமாட்டார். தோடம்பழத் தோலை மெசினின் மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். எட்டாம் இலக்கக்காரன் அறைக்குள் வந்து, தன் கொழுக்கி வெறுமையாக இருப்பதைப் பார்த்துத்தான் தனக்கு இன்றைக்கு விளையாட்டு இல்லை என்று தெரிந்துகொள்வான். ஒருமுறை மட்டும், நீங்களே அவர்களிடம் சொன்னால் என்ன என்று கேட்டேன்.

“முகத்துக்கு நேரே சொன்னால் என்னோடு வாதாடுவார்கள்” என்றார். “கொழுக்கியோடு ஒருவனும் வாதாடமாட்டான்.”

ட்ரினிடாட்டில் இருந்து வந்த முன்கள வீரன் ஒருவன், வெறும் கொழுக்கியைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, “இன்னும் காயவில்லையா, ஷிவா?” என்று கேட்டான். என் பெயர் சிவபாதம். அங்கே எல்லோருக்கும் ஷிவா. அவனுடைய முகத்தில் இருந்த ஆசையை என்னால் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு விளையாடுகிறவர்கள் வருகிற நேரத்தில் நான் தண்ணீர்ப் போத்தல் நிரப்பப் போய்விடுவேன். போத்தல்கள் எல்லாம் ஏற்கனவே நிரம்பித்தான் இருக்கும்.

யோரான் சுவீடன்காரன், பின்கள வீரன், ஐந்தாம் இலக்கம். உயரமானவன், வைக்கோல் நிறத் தலைமயிர். எங்களிடம் வரும்போது முப்பதுகளின் நடுவில் இருந்தான். சுவீடனில் கடதாசி ஆலை உள்ள ஒரு சின்ன ஊர் அவனுடையது. அந்த ஊர் அணியில் தொடங்கி, நாட்டின் முதல்தரக் கழகம் ஒன்றுக்குப் போய், பெல்ஜியத்தில் இரண்டு பருவம் விளையாடி, முழங்காலில் சத்திர சிகிச்சை செய்து, திரும்பவும் சுவீடனுக்கு வந்து ஒரு சிறிய கழகத்தில் சேர்ந்து, கடைசியில் ரொறன்ரோ. “ஏறின படியாலேயே இறங்கி வந்தேன். நடுவில் ஒரு கடல் வந்துவிட்டது” என்பான். விளையாட்டுக்கு வெளியே அவன் பேசிய நீளமான வசனம் அதுதான். மைதானத்துக்குள் இறங்கினால் வாய் மூடாது. யார் எங்கே நிற்க வேண்டும் என்று கத்திக்கொண்டே இருப்பான்.

வந்த முதல் வாரமே எனக்கும் அவனுக்கும் முட்டிக்கொண்டது. மற்றவர்கள் சேறு பிடித்த சப்பாத்துகளை என் வாசலில் எறிந்துவிட்டுப் போவார்கள். இவன் தன் சப்பாத்தைத் தானே கழுவினான். என் வேலையில் குறை கண்டுபிடிக்கிறானோ என்று எனக்குச் சுள்ளென்று ஏறியது. கேட்டேன். “எங்கள் ஊரில் அவரவர் சப்பாத்தை அவரவர்தான் கழுவுவோம்” என்றான். அதோடு விடாமல், என் பக்கத்தில் குந்தியிருந்து மற்றவர்களுடைய சப்பாத்திலும் இரண்டை எடுத்துத் தட்டினான். கோச்சை எல்லோரும் ‘பொஸ்’ என்பார்கள். இவன் ‘அலெக்’ என்று முதற்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவனுடைய நாட்டில் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். எந்த வெள்ளைக்காரனைக் கண்டாலும் ‘சேர்’ போடுகிற நான் அதைக் கேட்டு மிஸ்டர் டங்கனின் முகத்தைப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் அவருடைய தாடை இறுகும்.

அவன் விளையாடுவதை ஒரு முன்னாள் பின்களக்காரனாக நான் வாய் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். நான் ஆளை விழுத்தி விளையாடினவன். அவன் ஒருவனையும் தொடமாட்டான். பந்து வரப்போகிற இடத்தில் முதலே போய் நிற்பான், பந்து அவனைத் தேடிக்கொண்டு வரும். மழை நாளில்கூட அவனுடைய ஜேர்சி சுத்தமாகத் திரும்பி வரும். பின்கள வீரன் சறுக்கி விழுகிறான் என்றால் அவன் பிந்திவிட்டான் என்று அர்த்தம். யோரான் பிந்துவதில்லை.

அவனுடைய மூன்றாவது பருவத்தில் ஐந்தாம் இலக்க ஜேர்சி சேற்றோடு வரத் தொடங்கியது. முதலில் முழங்கைப் பக்கம் கொஞ்சம். பிறகு இடுப்பு, முதுகு. பத்திரிகையில் ஒருவரும் எழுதவில்லை, அரங்கில் ஒருவரும் ஊளையிடவில்லை. ஆனால் சவர்க்காரக் கட்டியோடு நின்ற எனக்குத் தெரியும். ஒருநாள் அவனே அந்த ஜேர்சியை என்னிடம் தரும்போது அதைச் சுருட்டி, சேறு உள்ளே போகும்படி மடித்துத் தந்தான். நான் ஒன்றும் பார்க்காதவன்போல வாங்கிக்கொண்டேன்.

அந்த வருடக் கோடையில்தான் அவனுடைய அப்பா வந்தார். ஆலையில் ஓய்வுபெற்றவர். விமானத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை. மகன் முதல்தரக் கழகத்தில் விளையாடிய காலத்தில் அப்பாவுக்கு வார இறுதிகளில் ஆலையில் வேலை; பிறகு மனைவிக்கு நீண்டகால நோய். மகனுடைய விளையாட்டை வானொலியில்தான் கேட்டாராம். பின்கள வீரனுடைய பெயரை வானொலிக்காரன் சொல்வது அவன் பிழைவிட்டால்தான். அதனால் மகனின் பெயர் வராத நாள் தனக்கு நல்ல நாள் என்று சிரித்துக்கொண்டு சொன்னார். ஞாயிற்றுக்கிழமைப் போட்டியைப் பார்த்துவிட்டு அடுத்த நாள் திரும்புவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை இருவரையும் சென் ஜேம்ஸ் ரவுணில் என் அப்பாட்மென்றுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். அதற்குள் எனக்குக் கல்யாணமாகித் தனி வீடு எடுத்திருந்தோம். என் மனைவி கமலா புட்டும் நண்டுக் குழம்பும் வைத்தாள், வெள்ளைக்காரக் கிழவர் நண்டைக் கண்டு பயப்படுவார் என்று கோழியும் பொரித்தாள். மனிதர் கோழியைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவர்கள் நாட்டிலும் கோடை முடிகிறபோது எல்லோரும் கூடியிருந்து நண்டு மாதிரி ஒன்றைக் கையால் உடைத்துச் சத்தமாக உறிஞ்சிச் சாப்பிடுவார்களாம். கோட்டைக் கழற்றிவிட்டு அவர் உறிஞ்சிய உறிஞ்சலில் கமலாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

நடராசா அண்ணையும் அன்றைக்கு வந்திருந்தார். மல்வேர்னில் இருந்தவர், சொந்தமாக ஒரு வான் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு மல்வேர்னில் இருந்து எங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. யோரானின் அப்பாவையும் அவர்களோடுதான் இருத்துவது. சாப்பாட்டுக்கு நடுவில் அண்ணை என்னிடம் கேட்டார்.

“அப்ப சிவம், ரீமிலை நீர் சரியா என்னதான் செய்யிறீர்?”

“ஜேர்சி என்ர பொறுப்பு அண்ணை. நான் கொழுவினால்தான் ஆள் விளையாடலாம். கொழுவாட்டி இல்லை.”

ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் முழுவதும் பொய்.

“அப்ப நீர்தான் ரீமைத் தெரிவு செய்யிறீரோ!”

நான் புட்டைக் குழைத்தேன். இல்லை என்று சொல்ல ஒரு கணம் போதும். அந்தக் கணம் போய்விட்டது. நடராசா அண்ணை அதற்குள் கிழவரின் பக்கம் திரும்பி, தன் ஆங்கிலத்தில், இந்த மனிதர்தான் அணியைத் தெரிவு செய்கிறவர் என்று முழங்கிவிட்டார். யோரான் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். கமலாவை விட்டால், என்னை யாரென்று தெரிந்தவன் அந்த மேசையில் அவன் ஒருவன்தான். நண்டுக் காலை எடுத்துக் கடித்தான்.

கிழவர் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை என் மகன் விளையாடுவானா?”

அந்த வாரம்கூட ஐந்தாம் இலக்க ஜேர்சியின் முதுகில் இருந்த சேற்றை நான் தேய்த்திருந்தேன். எனக்குத் தெரியாததா? இருந்தும் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு முன்னால், நண்டுக் குழம்பு வாசத்தில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

“ஐந்தாம் இலக்கத்தை என் கையாலேயே கொழுவுவேன், சேர்.”

அவர்கள் போன பிறகு கமலா கோப்பைகளை அடுக்கிக்கொண்டு சொன்னாள். “நுணலும் தன் வாயாலை கெடும் எண்டு சும்மாவே சொன்னவை? ஞாயிற்றுக்கிழமை கோச் வேண்டாம் எண்டால், உங்கட வாயை எந்தக் கொழுக்கியிலை கொழுவப் போறியள்?”

ஞாயிறு காலை துவாய்கள் சுழன்றுகொண்டிருந்தன. மிஸ்டர் டங்கன் வந்து நிலையில் சாய்ந்தார். தோடம்பழத் தோல் அறாமல் முழுதாக வந்தது.

“ஐந்து” என்றார். அந்த ஒரு இலக்கம் மட்டும்தான்.

நான் அவரோடு வாதாடியது அன்றைக்குத்தான். “சேர், அவனுடைய அப்பா வந்திருக்கிறார்” என்றேன்.

“தெரியும்.”

“நாளைக்குப் போய்விடுவார் சேர். கொஞ்ச நேரமாவது...”

அவர் துவாய்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “இன்றைக்கு எதிரணியில் அந்தப் பக்கம் ஓடப்போகிற பையனை நீ பார்த்ததில்லை. இருபது வயது. இவனை நிற்க வைத்துச் சுற்றிச் சுற்றி ஓடுவான். அப்பா பார்க்கத்தக்கதாக அது நடக்க வேண்டுமா?”

அது இரக்கமா, ‘அலெக்’ என்று கூப்பிட்டதற்கான கோபமா, வெறும் போட்டிக் கணக்கா, எனக்கு இன்றுவரை தெரியாது. தோலை மெசின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

நான் ஜேர்சிகளைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு உடைமாற்றும் அறைக்குப் போனேன். ஐந்தாம் இலக்கத்தையும் கொண்டுபோனேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கொழுக்கிக்கு முன்னால் நின்றேன். கொழுவினால் வேலை போய்விடும். கொழுவாவிட்டால், மேலே பார்வையாளர் படிகளில் வந்து இருக்கப்போகிற கிழவருக்கும் ஒரு வான் நிறைந்த சனத்துக்கும் முன்னால் அவனை அணியிலிருந்து வெட்டியவன் நான். நான்தானே தெரிவு செய்கிற ஆள். வீட்டுக்குக் கூப்பிட்டு நண்டு சமைத்துப் போட்டு, கையைப் பிடித்துச் சொன்னவன். உண்மையைச் சொல்லுகிறேன்: அந்த நேரத்தில் யோரானைப் பற்றி நான் யோசிக்கவில்லை. என் மானத்தைப் பற்றித்தான் யோசித்தேன். அதை நினைக்கத்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

யோரான் எப்போதும் முதல் ஆளாக வருகிறவன். அன்றைக்கு இன்னும் முந்தி வந்துவிட்டான். கதவைத் திறந்தவன் என்னையும் கையிலிருந்த ஜேர்சியையும் வெறும் கொழுக்கியையும் பார்த்தான். விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. அவன் எப்போதும் பந்து வரும் இடத்தை முதலே பார்க்கிறவன்.

கிட்டே வந்து ஜேர்சியை என் கையிலிருந்து மெல்ல எடுத்தான். வாங்கில் விரித்து, கைகளை உள்ளே மடக்கி, கடையில் விற்பதைப்போல மடித்து, என் பெட்டியின் அடியில் வைத்தான். பிறகு பெட்டியிலிருந்து அடுத்த ஜேர்சியை எடுத்து அதன் கொழுக்கியில் கொழுவினான். அதற்கடுத்தது. காற்சட்டை, மேஸ், துவாய். நான் செய்கிற ஒழுங்கு அவனுக்கு அப்படியே தெரிந்திருந்தது. அவனுக்குப் பதிலாக விளையாடப்போகிறவனுடைய ஜேர்சியையும் அவன்தான் கொழுவினான், இலக்கம் நேராக இருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துவிட்டான். நான் மரம் மாதிரி நின்றேன்.

வேலை முடிந்ததும் வாங்கில் இருந்துகொண்டு இடது மேஸைக் கழற்றினான்.

“ஷிவா, என் கணுக்கால் பிசகிவிட்டது, இல்லையா?”

நான் அவனுடைய காலைப் பார்த்தேன். ஒரு வீக்கமும் இல்லை.

“காலையில் ஓடும்போது” என்றான். “அப்படியென்றால் நானும் ஒன்றும் விளக்க வேண்டாம், நீயும் ஒன்றும் விளக்க வேண்டாம்.”

‘நீயும்’ என்றான். தன் விளையாட்டு வாழ்க்கை முடிகிற காலையில் என் வெள்ளிக்கிழமைப் பெருமையையும் அவன் கணக்கில் எடுத்திருந்தான். எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம்போல இருந்தது.

கட்டுப் போட்டேன். அது எனக்கு நன்றாக வரும் வேலை. குதியில் தொடங்கி, பாதத்துக்கு அடியால் கொண்டுவந்து, கணுக்காலுக்கு மேல் குறுக்காக ஏற்றி, திரும்பவும் அடியால் எடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் பாதிக்கு மேல் பாதி படியும்படி இழுக்க வேண்டும். ஆனால் நல்ல காலுக்குக் கட்டுப் போடுவது கஷ்டம். எங்கே நோகிறது என்று கேட்க முடியாது. நான் தேவைக்கு மேலே சுற்றினேன். அவன் போதும் என்று சொல்லும்வரை சுற்றினேன்.

இருவருமாகப் பார்வையாளர் படிகளில் ஏறினோம். அவன் நொண்டினான். கிழவர் வெள்ளிக்கிழமை போட்ட அதே கோட்டோடு, மல்வேர்ன் ஆட்களுக்கு நடுவில் இருந்தார். யாரோ அவருடைய கையில் ஒரு வடையைக் கொடுத்திருந்தார்கள். சொல்ல வேண்டியவன் நான். சொன்னேன். “கணுக்கால், சேர். காலையில் பிசகிவிட்டது. என்னால் அவனைப் போட முடியாமல் போய்விட்டது.”

என்னால். அந்த நேரத்திலும் அந்தச் சொல்லை நான் விடவில்லை.

கிழவர் கட்டைப் பார்த்தார். மகனுடைய முகத்தைப் பார்த்தார். “ஓ” என்றார்.

“காலிலை கட்டோடை எப்பிடிப் போடுறது? நீர் செய்தது சரிதான் சிவம்” என்று நடராசா அண்ணை எனக்கு ஆறுதல் சொன்னார். “பொறுப்பு எண்டால் அப்பிடித்தான் இருக்கோணும்.”

யோரான் கீழே போய் மேலங்கியோடு வாங்கின் ஓரத்தில் இருந்துகொண்டு போட்டி முழுவதும் பின்களத்துக்குக் கத்தினான். “இடப்பக்கம்! இன்னும் பின்னுக்கு! நில்!” அவனுக்குப் பதிலாக இறங்கிய பொடியன் அந்தச் சத்தம் சொன்ன இடத்தில் எல்லாம் போய் நின்றான். இருபது வயதுக்காரனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நாங்கள் வென்றோம். முடிவில் யோரானுக்குக் குரல் போய்விட்டது. மிஸ்டர் டங்கன் அவனைக் கடந்து போகும்போது ஒருமுறை நின்றுவிட்டுப் போனார்.

அந்தப் பருவம் முடிய யோரான் ஊருக்குத் திரும்பிவிட்டான். அங்கே பாடசாலை ஒன்றில் விளையாட்டுச் சொல்லிக்கொடுப்பதாகக் கேள்வி. சில வருடம் நத்தார்ப் பண்டிகைக்குத் தொலைபேசி எடுத்தான், பிறகு நின்றுவிட்டது. நான் கழகம் மூடப்படும்வரை அதே வேலையில் இருந்தேன். கோச் சொன்ன இலக்கத்தைக் கொழுவாமல்தான் விட்டேன். வீரர்கள் வருகிற நேரத்தில் தண்ணீர்ப் போத்தலுக்குப் போவதை மட்டும் விட்டேன். வெறும் கொழுக்கிக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவனுக்குக் கதவடியிலேயே, “இன்றைக்கு இல்லை” என்று சொன்னேன். சிலர் என்னைத் திட்டினார்கள். திட்டு வாங்குவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. நடராசா அண்ணையிடம் மட்டும் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, அந்தக் கதையில் அவருக்கு என்னைவிடப் பெருமை. இந்த இடத்தில் திவ்யா என்ன நினைப்பாள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையில் இன்னும் ஒன்று இருக்கிறது.

போட்டி முடிந்து நானும் கிழவரும் அரங்கின் வாசலில், கூரைக்குக் கீழே நின்றோம். சனம் கலைந்துவிட்டது. கமலா நண்டுக் குழம்பு கொஞ்சம் போத்தலில் அடைத்துத் தந்திருந்தாள், அதை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். யோரான் தோளில் பையோடு நொண்டிக்கொண்டு வந்தான். காரைக் கொண்டுவருகிறேன், அப்பாவோடு நில் என்று கம்மிய குரலில் என்னிடம் சொல்லிவிட்டு இறங்கி நடந்தான். பாதித் தூரம் போகவில்லை, மழை கொட்டத் தொடங்கியது.

அவன் ஓடினான்.

கார்த் தரிப்பிடத்தின் முழு நீளத்துக்கும் ஓடினான். தேங்கி நின்ற தண்ணீரை இடது காலால் மிதித்துத் தாண்டி, பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, முதுகு நிமிர்ந்து, பின்கள வீரன் ஒருவன் திரும்பித் தன் இடத்துக்கு ஓடுவதுபோல ஓடினான். அழகாக ஓடினான். மகன் ஓடுவதை அவனுடைய அப்பா அந்தப் பயணத்தில் கண்டது அந்த ஒருமுறைதான்.

நான் நிலத்தைப் பார்த்தேன். ஏதாவது சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், நான் ஜேர்சி தோய்க்கிறவன், தெரிவு செய்கிறவன் இல்லை என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். கிழவர் என் முழங்கையைப் பிடித்தார். பிடித்து மெதுவாக என்னைத் திருப்பினார், இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்படி.

“பெரிய மழை” என்றார், தன் கொஞ்ச ஆங்கிலத்தில். “எனக்கு ஒன்றும் தெரியவில்லை.”

நான் அழுதேன். அவர் அதையும் பார்க்கவில்லை.

கார் வந்து நின்ற சத்தம் கேட்ட பிறகுதான் அவர் என் கையை விட்டார். யோரான் கதவைத் திறந்து இறங்கினான். இறங்கியதும் நினைவு வந்து, இடது காலை இழுத்துக்கொண்டு எங்களை நோக்கி வந்தான். கட்டு நனைந்து அவிழ்ந்து பின்னால் இழுபட்டது.

“பார்த்து வா” என்று கிழவர் அவனுக்குச் சத்தமாகச் சொன்னார். “உன் கால் கவனம்.”

அப்பாவும் மகனும் தங்களுக்குள் எப்போதும் தங்கள் மொழியில்தான் கதைப்பார்கள். இதை மட்டும், எனக்கும் கேட்க, அவர் ஆங்கிலத்தில் சொன்னார்.